நான் கூட்டிய பில்லியன்

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் மூன்றாம் சார்ல்ஸுக்கு முடிசூட்ட இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்று காலை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பட்டிமன்ற மேடையில் ஏறி, பிரிட்டிஷ் மக்கள் தங்கள் ராஜகுடும்பத்துக்கு வருடத்துக்கு ஒரு பில்லியன் பவுண்டு அழுகிறார்கள் என்று சொன்னேன். பொய். தெரியாமல் வாய் தவறி வந்ததும் இல்லை. முதல் நாள் இரவு கேலாங்கில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கால்குலேட்டரைத் தட்டித் தட்டி நானே செய்த பொய்.

முப்பத்தொரு வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. மாதக் கடைசியில் மூன்று காசு உதைத்தால், அந்த மூன்று காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ராத்திரி பத்து மணிவரை பில் கட்டைப் புரட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் மேடைப் பழக்கம் வந்தது. கைதட்டு இருக்கிறதே, அது அறுபது வயதுக்கு மேல் பிடித்தால் விடாது. லோராங் முனைக் காப்பிக்கடையில் நான் வந்தால் கோப்பி போடும் பையன்கூட, “அங்கிள், அடுத்த பேச்சு எப்போ?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகவே நான் அந்த வழியாக நடந்திருக்கிறேன்.

பொய்யை எப்படிக் கட்டினேன் என்பதைப் பேரேட்டில் போடுகிற மாதிரி போட்டுக் காட்டுகிறேன்.

முதல் வரி 86.3 மில்லியன் பவுண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் ராஜகுடும்பத்தின் அலுவல் செலவுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் அரசமானியம். இது உண்மை. 2021-22 தொடங்கி நான்கு வருடம் இதே தொகைதான். இதற்குள்ளேயே பக்கிங்ஹாம் அரண்மனையின் பத்தாண்டு மராமத்துக்கு ஒதுக்கிய பணமும் வந்துவிடுகிறது. அந்த மராமத்து மட்டும் 369 மில்லியன்.

இரண்டாவது வரி 345 மில்லியன். முடியாட்சியை ஒழிக்கவேண்டும் என்று அங்கே இயக்கம் நடத்தும் ‘ரிபப்ளிக்’ அமைப்பின் மதிப்பீடு. மானியம் என்பது கண்ணில் படும் செலவுதான், போலீஸ் பாதுகாப்பையும், லங்காஸ்டர், கார்ன்வால் பண்ணையங்களிலிருந்து கஜானாவுக்கு வராமல் போகும் வருமானத்தையும், ராஜா ஊருக்கு வந்தால் நகராட்சி செய்யும் செலவையும் சேர்த்தால் இவ்வளவு வரும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். ஆனால் முதல் வரியில் நான் போட்ட 86.3 இந்த 345க்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினேன். என்னிடம் வேலை பழக வந்த பையன் யாராவது இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

மூன்றாவது வரி இன்னும் மோசம். முடியரசுச் சொத்து நிறுவனத்தின் 2021-22 லாபம், 312.7 மில்லியன். மூன்றாம் ஜார்ஜ் 1760இல் பட்டத்துக்கு வந்தபோது நிலத்து வருமானத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து அந்தச் சொத்தின் லாபம் கஜானாவுக்குப் போகிறது, அதில் ஒரு பங்கைக் கணக்கு வைத்துத்தான் மானியம் முடிவாகிறது. ஆக 312.7 என்பது வரவு. நான் அதைச் செலவில் போட்டேன். மேசையில் கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. பற்றும் வரவும் எந்தப் பக்கம் என்று தெரியாதவன் இல்லை நான். தெரிந்தே பக்கம் மாற்றி எழுதினேன்.

நான்காவது வரி முடிசூட்டுச் செலவு. அது அப்போது யாருக்கும் தெரியாது, பத்திரிகைகளில் ஆளுக்கொரு ஊகம். இருந்ததில் பெரியதைப் பிடித்தேன், 250 மில்லியன். அதுவும் நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒரு தரம் வரும் செலவு. அதை ‘ஆண்டுதோறும்’ கணக்கில் சேர்த்தேன்.

கூட்டினால் 994. ஒரு பில்லியனுக்கு ஆறு மில்லியன் குறைந்தது. அதை வாயால் நிரப்பிக்கொண்டேன்.

‘முடியாட்சி: மரபா, சுமையா?’ என்பது தலைப்பு. எதிரணியில் முதலில் பேசியவர், எலிசபெத் ராணி 1972இலும் 2006இலும் தோ பாயோவுக்கு வந்து வீவக வீடுகளைப் பார்த்த கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். அவருக்குப் பின் ஒரு பல்கலைக்கழக மாணவி. கையில் ஒரே ஒரு தாள். உணர்ச்சியில்லாமல், கொஞ்சம் வேகமாகவே பேசினாள். மானியத் தொகையைப் பிரிட்டன் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு வருடத்துக்கு 1 பவுண்டு 29 பென்ஸ், நம் காசுக்கு இரண்டு வெள்ளி சொச்சம், காப்பிக்கடையில் இரண்டு கோப்பி குடிக்கக்கூடப் போதாது என்றாள். பாதுகாப்புச் செலவு இதில் சேராது என்பதையும் மறைக்கவில்லை, அவளே சொன்னாள். “ராஜா வேணுமா வேணாமாங்கிறது பெரிய கேள்வி. அதைப் பணத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. பணம் அவ்வளவு இல்லை” என்று முடித்தாள். அந்த மேடையில் அன்று பேசிய எட்டுப் பேரில் உருப்படியாக ஒன்றைச் சொன்னது அவள்தான்.

அடுத்தது நான். பச்சைச் சட்டை, தோளில் துண்டு. “தங்கச்சி சிம்மாசனத்தைக் காப்பிக்கடைத் தராசுல நிறுத்துட்டாங்க” என்று ஆரம்பித்தேன். சிரிப்பு. “ஒரு பில்லியன் பவுண்டு! ஒன்றுக்குப் பின்னால ஒன்பது சைபர்!” ஒவ்வொரு சைபரையும் விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாவது சைபரிலேயே கைதட்டல் தொடங்கிவிட்டது. அவள் நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டுக் கூட்டுகிறாள் என்பது மேடையிலிருந்தே தெரிந்தது. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். ‘இவருக்குத் தெரியுமே’ என்கிற பார்வை அது. கையைத் தூக்கினாள். நடுவர் மணியடித்து, “நேரமாகிவிட்டது, மறுப்புக்கு இடமில்லை” என்றார்.

எங்கள் அணி வென்றது. சிறந்த பேச்சாளருக்கு நூறு வெள்ளிப் பற்றுச்சீட்டு, எனக்கு. அரிசியும் எண்ணெயும் வாங்கினேன். தின்று செரித்தும் ஆயிற்று.

கீழே இறங்கியதும் அவள் வந்தாள். “அங்கிள், அந்த ஒரு பில்லியன் எங்கே எடுத்தீங்க? நான் படிக்கணும். லிங்க் அனுப்புறீங்களா?” பணிவாகத்தான் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சுற்றிலும் நாலு பேர்தான் நின்றார்கள். “கண்டிப்பா அனுப்புறேம்மா” என்று சொல்லி அவள் எண்ணை வாங்கி, ‘பட்டிமன்றப் பொண்ணு’ என்று கைப்பேசியில் பதிந்துகொண்டேன். அனுப்பவில்லை. அனுப்ப என்ன இருக்கிறது?

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பொய்யே தேவைப்படவில்லை. அந்த அரசகுடும்பம் வாங்குகிற காசுக்குத் தகுதியானதில்லை என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ராணி இறந்து மகனுக்குப் போன சொத்துக்கு வாரிசு வரி இல்லை. 1993இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு அது. அங்கே சாதாரணக் குடும்பத்தின் சொத்து வரம்புக்கு மேல் போனால் நூற்றுக்கு நாற்பது கட்டவேண்டும். இந்த ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்லியிருந்தால் சபை யோசித்திருக்கும். யோசிக்கிற சபை கைதட்டாது. எனக்கு வேண்டியிருந்தது கைதட்டு.

மறுநாள் காலை காப்பிக்கடை. ஹரிராயா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கேலாங் சிராய் பக்கம் இருந்து பக்சிக் ஒருவர், மலாய்ப் பெரியவர், தினமும் வருவார், பழைய பஸ் டிரைவர், எழுபத்தெட்டு வயது. நாங்கள் பேசுவது சந்தை மலாய். வெற்றிக் கதையை அவரிடமும் அளந்தேன். ஒரு பில்லியன் என்றதும், “பெராப்பா?” என்று மறுபடி கேட்டுவிட்டு, கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார்.

“அண்ணே, எங்க சுல்தானுக்கு எவ்வளவுன்னு உங்க கணக்குல இருக்கா?”

எனக்குப் புரியவில்லை. எந்தச் சுல்தான்? சிங்கப்பூரில் ராஜா ஏது?

“கம்போங் கிளாம்ல அரண்மனை யாருது?” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “அதை விடுங்க. உங்க ராஜா சூலான் தெமாசெக் வரைக்கும் படையோட வந்தாரே, அந்தச் செலவு யாரு கொடுத்தது?”

ராஜா சூலான் கதை மலாய் அரச வரலாறான ‘செஜாரா மெலாயு’வில் வருகிறது. கலிங்கத்து ராஜா சூலான் சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பித் தெமாசெக், அதாவது பழைய சிங்கப்பூர், வந்து தங்குகிறார். சீன மன்னர் ஒரு கப்பல் நிறையப் பல் போன கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும் ஏற்றி அனுப்புகிறார். ‘சீனா எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் கிழவர்கள், ‘கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புத் தண்டுகள், இந்த மரங்களை விதையாக நட்டோம்’ என்கிறார்கள். ராஜா சூலான் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் சூலான் நம் சோழன்தான் என்று மேடையில் மார்தட்டிய தமிழன் நான். திரும்பிப் போன பகுதியைச் சொன்னதில்லை. படைச் செலவு யாருடையது என்று நினைத்ததே இல்லை.

அந்த வாரம் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். சிங்கப்பூரில் பிறந்து அறுபத்து மூன்று வருடம் கழித்து, சிங்கப்பூர் ராஜாவின் கணக்கைத் தேடி.

1819 பிப்ரவரி 6 ஒப்பந்தத்தில் ராஃபிள்ஸ் ஹுசேன் ஷாவைச் சுல்தானாக ஏற்றார். டச்சுக்காரர்கள் அவருடைய தம்பியை ஆதரித்தார்கள், ஆங்கிலேயருக்குக் கையெழுத்துப் போட ஒரு சுல்தான் தேவைப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தீவின் மலாய்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 3,000. ஐந்து வருடம் கழித்து, 1824 ஆகஸ்டில், ஆங்கிலேய ரெசிடென்ட் கிராஃபர்ட் முழுத் தீவையும் எழுதி வாங்கினார். சுல்தானுக்கு ரொக்கம் 33,200 வெள்ளி, ஆயுளுக்கும் மாதம் 1,300. ஹுசேன் கடைசியில் மலாக்காவுக்குப் போய் 1835இல் இறந்தார். வாரிசுகள் கம்போங் கிளாம் வளாகத்திலேயே வாழ்ந்தார்கள். 1904இல் அதற்கென்று ஒரு சட்டம் வந்து உபகாரச் சம்பளம் முறைப்படுத்தப்பட்டது. 1999இல் நம் அரசாங்கம் அரண்மனையை மரபுடைமை நிலையமாக்க முடிவுசெய்து, வாரிசுகளுக்கு ஆண்டுக்கு 350,000 வெள்ளி என்று ஏற்பாடு செய்தது. அன்றைய மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். தலைக்குப் பத்து காசுகூட வரவில்லை.

லண்டன் ராஜா ஒரு வருடம் தின்பதை மனப்பாடமாக ஒப்பித்தவன், எம்ஆர்டியில் நாலைந்து ஸ்டேஷன் தள்ளியிருக்கும் அரண்மனைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதையே அறியாமல் இருந்திருக்கிறேன். கேலாங் சிராய்க்கு மலாய்க்காரர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் நூலகத்தில்தான் படித்தேன். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த மிதக்கும் கிராமத்தை 1840களில் பிரிட்டிஷார் கலைத்தபோது, அங்கிருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்களாம். நான் தினமும் கோப்பி குடிக்கிற ஊரின் கதை!

வீட்டுக்கு வந்து அப்பாவின் மைலோ டின்னைத் திறந்தேன். அப்பா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர். டின்னில் பழைய கடிதங்கள், ரேஷன் அட்டை, ஒரு துணி முடிச்சில் அம்மன் காசு ஒன்று. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அடித்த செம்புக் காசு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் ராஜா அரிசியோடு இந்தக் காசையும் குடிகளுக்குக் கொடுப்பாராம். “பிரிட்டிஷ்காரன் காசு ஊரெல்லாம் ஓடும். எங்க ஊர்ல எங்க ராஜா காசு” என்று அப்பா சொல்லும்போது குரலே மாறும். எனக்கும் அந்தப் பெருமை ஒட்டிக்கொண்டது. காசைக் காட்டிப் பேரப்பிள்ளைகளிடம் கதை விட்டிருக்கிறேன்.

காசு கொடுத்த கதையைச் சொல்லுவேன். காசு போன கதை? மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அதில் தவறில்லை. பிறந்த மகனை வாரிசாகப் பிரிட்டிஷார் ஏற்கவில்லை, அது அவர்கள் திமிர். அதற்கப்புறம் அவர் ஊரில் இல்லை. பிரான்ஸில் கான் நகரத்துக் கடற்கரை, விருந்து என்று காலம் கழித்து 1928இல் பாரிஸில் இறந்தார். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு கிடக்கும் சீமையில் வரி கட்டியவர்களில் என் பாட்டனும் ஒருவன். கானில் ஒரு விருந்துக்கு எத்தனை அம்மன் காசு என்று நான் வகுத்துப் பார்த்ததுண்டா? அடுத்து வந்த ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் 3இல் சமஸ்தானத்தை ஒப்படைத்தார். அவருடைய அரண்மனையில்தான் இப்போது கலெக்டர் ஆபீஸ். அதை மட்டும் எல்லோரிடமும் சொல்லுவேன், எங்கள் ராஜா எவ்வளவு நல்லவர் என்பதற்கு.

பட்டிமன்றத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை இரவு, ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துக்கு முதல் நாள் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்து கண் கலங்கினேன் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் வரும் அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய ஆடல்மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படியளந்த நெல் எந்த ஊர்க் களத்திலிருந்து வந்தது? வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், வெள்ளைக்காரனிடம்.

2024 நவம்பரில் முடிசூட்டின் அதிகாரபூர்வச் செலவு வெளியானது. போலீஸ் பாதுகாப்பும் சேர்த்து 72 மில்லியன் பவுண்டு. நான் போட்டது 250. அந்தச் செய்தியைக் காப்பிக்கடையில் படித்துவிட்டு, ‘பட்டிமன்றப் பொண்ணு’ எண்ணைத் தேடி எடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து. “அம்மா, அந்த ஒரு பில்லியன் நானாகக் கூட்டியது. எங்கும் எடுக்கவில்லை. நீங்கள் சொன்ன 1.29 சரி. மன்னிக்க வேண்டும்” என்று அனுப்பினேன். கோப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது.

“தெரியும் அங்கிள். அன்னிக்கே கூட்டிப் பார்த்துட்டேன். 345க்குள்ளதான் 86 இருக்கு.”

அவ்வளவுதான். ‘பரவாயில்லை’ என்று அவள் எழுதவில்லை, எழுதியிருக்கவும் கூடாது. பட்டிமன்றம் நடத்தியவர்களுக்கும் கடிதம் போட்டு, நூறு வெள்ளியைத் திருப்பி அனுப்பினேன். பழையதை ஏன் கிளறுகிறீர்கள் என்று போனில் சிரித்தார்கள்.

2025-26க்கு அரசமானியம் 132.1 மில்லியனாக ஏறியது. கடலில் காற்றாலை நட இடம் குத்தகைக்கு விட்டதில் முடியரசுச் சொத்தின் லாபம் பெருகிவிட்டது, அதையொட்டி ராஜாவுக்குப் போகும் தொகையும் கூடிவிட்டது. கேட்கவேண்டிய கேள்விதான். கேட்பேன், எண்ணைச் சரியாகச் சொல்லி.

ஆனால் அன்று யாரோ எடுத்த காணொளி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. பச்சைச் சட்டை போட்ட கிழவன் ஒருவன் விரல் விட்டுச் சைபர் எண்ணுவான், பின்னால் கைதட்டல் கேட்கும். போன தீபாவளிக்கு மதுரையிலிருந்து என் மைத்துனரே அதை எனக்கு அனுப்பி, ‘மச்சான், பிரமாதம்’ என்று எழுதியிருந்தார். உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அனுப்பியவருக்கு, ‘அந்த வருடத்து மானியம் 86.3 மில்லியன், இந்த ஆள் கூட்டியது தப்பு, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.